கணக்கறைச் சர்வரும் தொலைதூரத் தரவு மையமும்

தமிழ்நாட்டின் நடுத்தரத் தொழிற்சாலைகளில் சர்வர் பெரும்பாலும் கணக்கறையில்தான் இருக்கிறது. மேசைக்குக் கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் யுபிஎஸ். டேலி கணக்கு, சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர்களோடு பல ஆண்டுகளாக நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வாரக் கடைசியில் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து அலமாரியில் பூட்டுவார்கள். அந்த அலமாரியும் அதே அறையில் இருக்கும். தீயோ வெள்ளமோ வந்தால் மூலமும் நகலும் சேர்ந்தே போகும் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வராது என்ற நம்பிக்கையில் வேலை நடக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குள் புகுந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்போதும் தண்ணீர் நின்றது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நின்றது. நனைந்த எந்திரத்துக்குக் காப்பீட்டுத் தொகை கேட்கலாம். இருப்புக் கணக்கே அழிந்துபோனால், எந்தச் சரக்கு எவ்வளவு நனைந்தது என்று காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டக்கூட ஆதாரம் இருக்காது.

முன்பெல்லாம் கணினி நின்றால் கையால் பில் போட்டு லாரியை அனுப்பிவிடுவார்கள். இன்று அந்த வழி அநேகமாக அடைபட்டுவிட்டது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கிய மின்-விலைப்பட்டியல் முறை படிப்படியாகக் கீழிறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களையும் பிடித்துக்கொண்டது. இவர்கள் இன்னொரு வணிகருக்குத் தரும் ஒவ்வொரு பில்லும் அரசின் இணையதளத்தில் பதிவாகி எண் வாங்கிய பிறகுதான் செல்லும். குறிப்பிட்ட மதிப்புக்கு மேலான சரக்கு நகர இ-வே பில் வேண்டும். ஆகவே கணினி நின்றால் கிடங்கில் சரக்கும் நிற்கிறது. தொழிலின் உயிர்நாடி கணக்கறைப் பெட்டிக்குள் குடிபோய்விட்டது. அந்தப் பெட்டியைக் காக்கும் ஏற்பாடு மட்டும் இருபது வருடத்துக்கு முந்தையதாகவே இருக்கிறது.

மேகக் கணிமைச் சேவைகளை, அதாவது வழக்கில் கிளவுட் என்று சொல்லப்படுவதை, தொழில் நிறுவனங்கள் நம்பிச் சார்ந்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். விற்பவர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள்: செலவு குறையும் என்கிறார்கள். அவர்கள் கையிலிருப்பவற்றில் மிகப் பலவீனமான வாதம் அதுதான். சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் எவ்வளவு செலவழித்தாலும் தன் கணக்கறையில் செய்துகொள்ள முடியாத காவல் வேலைகள் சில உண்டு. அவற்றை அதற்கென்றே இருப்பவர்களிடம் விட்டுவிடலாம் என்பதுதான் உண்மையான காரணம். விட்டுவிட்ட பிறகும் தன் கையில் மிஞ்சும் வேலை எது என்று தெரிந்துகொள்வதைத்தான் கற்றல் என்கிறேன். அந்தக் கற்றல் இல்லாமல் மாறியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கணினித் திறனைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக வழங்க முடியும் என்று கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி 1961இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசினார். அது நடைமுறைக்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 2006 மார்ச்சில் அமேசான் தன் சேமிப்புச் சேவையைத் திறந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட். அந்த ஆண்டு ஆகஸ்டில் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. மணிக்கு 10 சென்ட். தொழில்நுட்பத்தில் முற்றிலும் புதியதென்று அதில் அதிகமில்லை. பேரம் பேசாமல், ஒப்பந்தம் போடாமல், கடன் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரலாம், வேண்டாதபோது வெளியேறலாம் என்பதுதான் புதிது. அனிமோட்டோ என்ற சிறு நிறுவனம் மூன்றே நாளில் 50 சர்வரிலிருந்து 3,500 சர்வருக்கு வளர்ந்ததைப் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். வாடிக்கையாளர் கூட்டம் தணிந்ததும் சர்வர் எண்ணிக்கையும் இறங்கியது. சொந்தமாக வாங்கியிருந்தால் முதல் நூறு பெட்டிகள் வந்து இறங்குவதற்குள் வாடிக்கையாளர்கள் போயிருப்பார்கள்.

இப்படித் திடீரென்று பெருகும் தேவை எல்லாருக்கும் வராது. நூல் ஆலைக்கோ அச்சகத்துக்கோ ஒரே வாரத்தில் எழுபது மடங்கு கணினி வேண்டியிருக்காது. அவர்களுக்குப் பயன்படுவது வேறொன்று. பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரு வட்டாரத்துக்குள்ளேயே தனித்தனி மின்சாரம், தனித்தனிக் குளிரூட்டல் கொண்ட பல தரவு மையங்களை ஒன்றுக்கொன்று தள்ளி அமைக்கின்றன. அமேசானின் வழக்கமான சேமிப்புச் சேவையில் போடும் கோப்பு குறைந்தது மூன்று இடங்களில் பதியும். ஒரு கட்டடம் முழுதாக நின்றாலும் கோப்பு தொலையாது. தீயணைப்பு, டீசல் ஜெனரேட்டர், பழுதான வட்டை மாற்றுதல், பாதுகாப்புத் திருத்தங்களை இரவோடிரவாகப் போடுதல் ஆகியவற்றுக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஆட்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, மும்பையோடு சென்னையிலும் தன் மையத்தைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கும் 2022இல் ஐதராபாத்துக்கும் வந்தது. தரவு கடல் கடந்து போக வேண்டுமே என்ற பழைய தயக்கத்துக்கு இப்போது இடமில்லை.

'என் சர்வர் என் கண்ணெதிரே இருக்கிறது, அதனால் பத்திரம்' என்ற எண்ணம் நம் தொழில்முனைவோரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு மறுமொழியாக ஒரு பெரிய கப்பல் நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் நாட்பெட்யா என்ற நாசகார நிரல் பரவியது. வாசலாக அமைந்தது ஒரு கணக்குப் பதிவு மென்பொருள். உக்ரைனில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருந்த மென்பொருள் அது. அதன் வழக்கமான புதுப்பிப்போடு சேர்ந்து நஞ்சும் உள்ளே வந்தது. அங்கே கிளை வைத்திருந்த டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனத்துக்கும் அது தொற்றியது. சில மணி நேரத்தில் உலகெங்கும் மெர்ஸ்க்கின் கணினிகள் செத்தன. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் மறு ஆண்டு டாவோஸில் சொன்னார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர்.

அந்த மீட்பின்போது தெரியவந்த ஒரு செய்தி இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம். நிறுவனத்தின் பயனர் விவரங்களையும் அனுமதிகளையும் வைத்திருந்த சர்வர்கள் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றதன் நகல். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு. எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. கானாவில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அது வலைப்பின்னலில் இல்லை. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று எழுந்து நின்றது தற்செயலாக நேர்ந்த ஒரு மின்வெட்டால். உடனுக்குடன் ஒத்திசையும் நகல் கட்டடம் எரிந்தால் உதவும். ஆனால் தவறான கட்டளையையும் அதே வேகத்தில் ஒத்திசைத்துக்கொள்ளும். நேற்றைய நிலையில் உறைந்து, இன்றைய கைகளுக்கு எட்டாமல் இருக்கும் நகல்தான் பேக்கப். இந்த வேறுபாடு புரியாமல் கிளவுடுக்குப் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு இணையத் தாக்குதலில் பூட்டப்பட்டது. வெளிநோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே இந்தக் காவல் வேலை கடினமென்றால், ஒரே ஒரு கணினி ஆளைப் பகுதிநேரமாக அழைக்கும் நிறுவனம் எம்மாத்திரம்?

உக்ரைனுக்குத் திரும்புவோம். அரசுத் தரவுகளும் வங்கிகள் போன்ற சில துறைகளின் தரவுகளும் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்லிவந்தது. எந்த நாடும் இயற்றக்கூடிய, நியாயமான சட்டம்தான். 2022 பிப்ரவரி 17 அன்று நாடாளுமன்றம் அதைத் தளர்த்தியது. ஒரு வாரத்தில் ரஷ்யப் படைகள் நுழைந்தன. தொடக்க நாட்களிலேயே அரசுத் தரவு மையம் ஒன்று ஏவுகணைக்கு இலக்கானதாக மைக்ரோசாஃப்டின் அறிக்கை சொல்கிறது. படையெடுப்பு தொடங்கிய அன்றே லண்டனில் உக்ரைன் தூதரும் அமேசான் அதிகாரி ஒருவரும் உட்கார்ந்து, எந்தெந்தத் தரவுகளை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தாளில் பேனாவால் பட்டியல் போட்டார்கள்: மக்கள்தொகைப் பதிவேடு, நில உரிமை, வரி, கல்வி, ஊழல் தடுப்பு ஆவணங்கள். இணையம் வழியாக அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய தரவு என்பதால் பெட்டி வடிவிலான சேமிப்புக் கருவிகள் டப்ளினிலிருந்து போலந்தின் கிராகோவுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து எல்லை தாண்டி உள்ளே போய், தரவை நிரப்பிக்கொண்டு திரும்பின. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 10 பெடாபைட் இவ்வாறு வெளியேறிவிட்டது.

வணிக நோக்கில் பார்க்க வேண்டியது பிரைவட்பேங்க். நாட்டின் மிகப் பெரிய வங்கி அது. போர்க்காலத்தில் மத்திய வங்கியின் அனுமதி கிடைத்ததும், 3,500 சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்த 270 பயன்பாடுகளையும் 4 பெடாபைட் வாடிக்கையாளர் தரவையும் 45 நாளுக்குள் மேகத்துக்கு மாற்றியதாக அமேசான் சொல்கிறது. குண்டு விழும் ஊர்களிலும் மக்கள் அட்டையைத் தேய்த்து ரொட்டி வாங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேலையைச் செய்த பொறியாளர்களை எண்ணும்போது எனக்கு மதிப்பு மிகுகிறது. ஒரு நாட்டின் நிலப் பத்திரம் அந்த நாட்டு மண்ணில் இருப்பதைவிட, அது எரியாத இடத்தில் இருப்பது முக்கியம் என்ற முடிவை எட்ட உக்ரைனுக்கு ஒரு போர் தேவைப்பட்டது. நமக்கு அவகாசம் இருக்கிறது.

அவகாசத்தோடு மாறினால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு நெட்ஃபிளிக்ஸ் சாட்சி. 2008 ஆகஸ்டில் அதன் தரவுத்தளம் சிதைந்து மூன்று நாட்கள் டிவிடிகளை அனுப்ப முடியாமல் போனது. அதற்குப் பிறகு அமேசானின் சேவைக்கு மாறத் தொடங்கியவர்கள் 2016 ஜனவரியில்தான் முடித்தார்கள். ஏழு ஆண்டுகள். பழைய அமைப்பை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக உடைத்துத் திரும்ப எழுதினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தாங்களே திடீர் திடீரென்று நிறுத்திப் பார்க்கும் கேயாஸ் மங்கி என்ற நிரலை உருவாக்கி வேலை நேரத்திலேயே ஓடவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த எந்திரம் எப்போது வேண்டுமானாலும் விழும் என்று வைத்துக்கொண்டே தொழிலைக் கட்டினார்கள். அவ்வளவு நம்பியவர்களும் படங்களைப் பார்வையாளர் வீடு வரை கொண்டுசேர்க்கும் பெட்டிகளைச் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள், இணையச் சேவை நிறுவனங்களின் வளாகங்களில். எதை ஒப்படைப்பது, எதை வைத்துக்கொள்வது என்ற தெளிவு அது.

தெளிவில்லாமல் போனவர்களின் கதைக்கு வருவோம். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவு கடந்த நேரத்தில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முழுதாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போனது. பல லட்சம் இணையதளங்கள் அணைந்தன. மேகம் என்று சொன்னாலும் அது ஒரு கட்டடம், அதற்கும் தீப்பிடிக்கும் என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தார்கள். சர்வரை வாடகைக்கு எடுத்தாலே பேக்கப்பும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைத்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டிய சிலர், நகலும் அதே வளாகத்தில் இருந்ததென்று பிறகு அறிந்து நீதிமன்றம் போனார்கள். கணக்கறை அலமாரியில் ஹார்ட் டிஸ்க் வைத்த அதே பிழை, இன்னும் பெரிய அளவில்.

தென்கொரிய அரசும் இதில் சிக்கியது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது பிடித்த தீ அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகளை நிறுத்தியது. ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த பொது சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. அளவு அதிகம் என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லையாம். உலகின் மிகச் சிறந்த இணைய வசதி கொண்ட நாடுகளில் ஒன்று அது.

கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் முடிவு இன்னும் கொடியது. மற்றவர்களின் நிரல்களைப் பாதுகாத்துத் தரும் தொழில் செய்த அந்நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுத் தளத்துக்குள் 2014 ஜூனில் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான். அவனை வெளியேற்ற முயன்றதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான். சர்வரும் சேமிப்பும் பேக்கப்பும் ஒரே கணக்கில், ஒரே அனுமதியில் இருந்தன. வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்து வைத்த கதை. பன்னிரண்டு மணி நேரத்தில் நிறுவனம் இழுத்து மூடப்பட்டது.

இவற்றோடு ஒப்பிட ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் ஓய்வூதிய நிதியை எடுத்துக்கொள்ளலாம். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு அதனிடம் இருக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கூகுள் கிளவுடில் அதற்கென இருந்த தனி அமைப்பு அப்படியே அழிந்தது. தாக்குதல் எதுவும் இல்லை. முந்தைய ஆண்டு கூகுள் ஊழியர்கள் அதை நிறுவியபோது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டார்கள். வெற்றிடமாக விட்டால் ஓராண்டுக் கெடு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் எச்சரிக்கை எதுவும் தராமல் அழித்துவிட்டது. வாடிக்கையாளர் செய்த தவறு இதில் துளியும் இல்லை. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் தரவு திரும்பக் கிடைத்தது. கூகுளின் சேமிப்பகத்தில் தனியாக வைத்திருந்த நகல்களும், வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகல்களும் காப்பாற்றின. அந்த இரண்டாவது நகலுக்கு மாதாமாதம் பணம் கட்ட ஒப்புதல் தந்த அதிகாரி யாரென்று எனக்குத் தெரியாது. ஆறு லட்சம் குடும்பங்கள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கின்றன.

ஆகவே பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. கட்டடம், மின்சாரம், வட்டு, வலைப்பின்னல் ஆகியவை அவர்கள் பாடு. யாருக்கு எந்த அனுமதி, கடவுச்சொல், எதை எங்கே எத்தனை நாள் நகலாக வைப்பது, அந்த நகல் வேலை செய்கிறதா என்பது நம் பாடு. பெரும்பாலான கிளவுட் ஒப்பந்தங்களில் இது எழுதியே இருக்கிறது. படிப்பவர் குறைவு. சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது: 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது, வாடிக்கையாளரிடம் தரவை வாங்கிய நிறுவனமே அதற்குப் பொறுப்பு, தரவை யாருடைய சர்வரில் வைத்திருந்தாலும்.

செலவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். கோப்புச் சேமிப்பையே தொழிலாகக் கொண்ட டிராப்பாக்ஸ், அமேசானிலிருந்து பெரும்பகுதியைச் சொந்த மையங்களுக்கு மாற்றியதால் இரண்டு ஆண்டில் 7.46 கோடி டாலர் மிச்சமானதென்று 2018இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தந்த ஆவணத்தில் எழுதியது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022இல் மட்டும் 32 லட்சம் டாலர் கிளவுடுக்குக் கொடுத்துவிட்டு, இது கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாக அறிவித்து வெளியேறியது. இருவர் செய்ததும் சரியே. ஏற்ற இறக்கம் அதிகமில்லாத பெரிய சுமை, அதைக் கவனிக்கத் தேர்ந்த பொறியாளர்கள், இரண்டும் கையில் இருந்தன. ஆனால் அவர்களும் கணக்கறைக்குத் திரும்பவில்லை. தொழில்முறைத் தரவு மையங்களில் தங்கள் பெட்டிகளை வைத்தார்கள். நம் ஊரில் இந்த இரு பெயர்களைச் சொல்லி 'கிளவுட் வேண்டாம்' என்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. சிறு நிறுவனத்தின் பில் எகிறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: சோதனைக்காகத் திறந்து அணைக்க மறந்த எந்திரம், தேவைக்கு மேல் பெரிதாக எடுத்த சர்வர், தரவை வெளியே எடுக்கும்போது கட்ட வேண்டிய தனிக் கட்டணம். மாதச் செலவு வரம்பைத் தாண்டினால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும்படி வைத்துக்கொள்ளும் வசதி பெரிய சேவைகளில் இருக்கிறது. முதல் நாளே அதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு கவலை அரசியல் சார்ந்தது, லேசாகத் தள்ளிவிட முடியாதது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்கு 49 விழுக்காட்டுப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்ததும் மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யாத நிறுவனம், பணம் கட்டி வாங்கிய சேவை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகு ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பியது. இதைக் கண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொந்தச் சர்வருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் முடிவல்ல. ஒரே ஒருவரை முழுதாகச் சார்ந்திருக்கக் கூடாது என்பதே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ தன் சேவைகளைத் தன் சொந்தத் தரவு மையங்களிலேயே நடத்துகிறது. மின்னஞ்சல் ஒருவரிடம், பேக்கப் இன்னொருவரிடம் என்று பிரிக்க இந்தியாவுக்குள்ளேயே இன்று வழி உண்டு.

திருப்பூரிலோ ஓசூரிலோ நூறு பேர் வேலை செய்யும் நிறுவனம் எங்கே தொடங்கலாம்? பேக்கப்பில் தொடங்கலாம். சர்வர் கணக்கறையிலேயே இருக்கட்டும். அதன் தினசரி நகல் வெளியே போகட்டும், குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டிய நிலையில். கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கு இது விருப்பமும் அல்ல: கணினிவழிக் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அடுத்து மின்னஞ்சலும் கோப்புகளும். கணக்கும் பில்லிங்கும் அதற்குப் பிறகு. தறியையும் லேத்தையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி தொழிற்கூடத்திலேயே இருப்பதுதான் நல்லது. இணையம் அறுந்தால் எந்திரம் நிற்கக் கூடாது. இணையமும் இரண்டு வேண்டும், இரு வேறு நிறுவனங்களிடமிருந்து, முடிந்தால் ஒன்று கம்பி வழி, ஒன்று அலைவரிசை வழி. ஒரே குழியில் புதைத்த இரண்டு கம்பிகள் ஒரே பொக்லைனில் அறுபடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு காரியம் இருக்கிறது, பெரும்பாலோர் தவறவிடுவது. நிறுவனத்தின் இணையப் பெயரும் கிளவுட் கணக்கின் தலைமை அனுமதியும் யார் பேரில் இருக்கின்றன? பல இடங்களில் அது கணினி விற்றவரின் மின்னஞ்சலில் இருக்கும், அல்லது எப்போதோ வேலையை விட்டுப்போன ஓர் இளைஞரின் சொந்த ஜிமெயிலில். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கைப்பேசி எண் மாறியிருந்தால்கூடப் போதும், கடவுச்சொல்லை மீட்க வரும் குறியீடு யாருக்கும் கிடைக்காது. முதலாளியோ பங்குதாரரோ தன் பேரில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுப் பத்திரங்களோடு வங்கிப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அன்றாட வேலைக்கு வேறு அனுமதி, குறைந்த உரிமையோடு. பேக்கப் இருக்கும் கணக்குக்கு முற்றிலும் தனிக் கடவுச்சொல், தனி ஆள். கோட் ஸ்பேசஸுக்கு நேர்ந்தது இதைச் செய்யாததால்தான்.

பிறகு ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை, வெற்றுக் கணினி ஒன்றை எடுத்து, கிளவுடில் இருக்கும் நகலை மட்டும் வைத்துக் கணக்கை முழுதாக எழுப்பிப் பார்க்க வேண்டும். இதை விற்பனையாளர் செய்யக் கூடாது, கணக்காளர் செய்ய வேண்டும். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்த நிலையில் இருப்பவர் செய்ய வேண்டும். எழுந்த கணக்கிலிருந்து சென்ற மாத ஜிஎஸ்டி விற்பனை அறிக்கையை எடுத்து, இணையதளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்த தொகையோடு ஒப்பிட வேண்டும். தொடங்கியதிலிருந்து தொகை ஒத்துவந்தது வரை எத்தனை மணி நேரம் ஆனதென்று ஒரு நோட்டில் குறித்து, தேதி போட்டு, செய்தவர் கையொப்பமிட வேண்டும். முதல் முறை அது நாள் முழுக்க இழுக்கும். இடையில் ஏதோ ஒரு கடவுச்சொல் கிடைக்காது, ஏதோ ஒரு உரிமச் சாவி காணாமல் போயிருக்கும். அவற்றை அந்த வாரமே சரிசெய்துவிட்டு அடுத்த ஒத்திகைக்குத் தேதி குறிக்க வேண்டும்.